எந்த உப்பு

ஜூன் 9, திங்கள்

இன்றிலிருந்து இந்த வீட்டில் சோறு கிடையாதாம். வாக்கிங் முடித்து வந்தவர், செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறை வாசலில் நின்று அறிவித்தார். ஏன் என்று கேட்டால் வெள்ளை அரிசி விஷமாம். கல்யாணமான நாளிலிருந்து இந்த மனிதருக்கு மூன்று வேளையும் விஷம் வைத்திருக்கிறேன். எப்படியோ பிழைத்துக் கிடக்கிறார்.

வாய்தான் இவருடையது, பேச்சு சக்கரபாணியுடையது. தெர்மல் பவர் ஸ்டேஷனில் எலக்ட்ரீஷியன், பக்கத்து பிளாக். போன வருஷம் எதையோ விட்டு எதையோ தின்று பத்துப் பன்னிரண்டு கிலோ இளைத்தார். அன்றிலிருந்து அவர்தான் டவுன்ஷிப்புக்கே டாக்டர். காலையில் முன்னால் அவர் கைவீசி நடக்க, பின்னால் தொப்பையும் தொந்தியுமாக ஒரு கூட்டம் போகிறது. வாரம் ஒரு பொருள் வீட்டைவிட்டு வெளியேற்றப்படும். முதலில் சீனி போனது, அப்புறம் பால், அப்புறம் கோதுமை, இப்போது அரிசி. மிச்சம் நான் ஒருத்திதான். என்றைக்கு என் முறை என்று தெரியவில்லை.

சீனியை விட்டது நல்லதுதான். காபிக்கு மூன்று கரண்டி போடுகிறவர். இதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இங்கே எழுதுவதோடு சரி, இவரிடம் சொல்ல மாட்டேன்.

ஜூன் 11, புதன்

வரகு வடித்தேன். மென்று மென்று தாடை வலிக்க, "அருமை" என்கிறார். பொய் சொல்வதையும் அந்த ஆள் கற்றுக்கொடுக்கிறான் போல.

ஜூன் 16, திங்கள்

இன்று நடந்ததை எழுதாவிட்டால் தலை வெடித்துவிடும்.

கம்பெனி மெடிக்கல் செக்கப் ஆகஸ்டில் வருகிறது. அதற்கு முன்னால் திருட்டுத்தனமாக ஒரு தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று மந்தாரக்குப்பத்தில் ஒரு லேபில் போய் ரத்தம் கொடுத்திருக்கிறார். டவுன்ஷிப் ஆஸ்பத்திரியில் கொடுத்தால் என்ன? ரெக்கார்டில் ஏறிவிடுமாம். ஏறினால் மெஷினிலிருந்து இறக்கிவிடுவார்களாம். இவர் நிலக்கரி மைன்ஸில் பக்கெட் வீல் ஓட்டுகிறவர். ஒரு தெருவே எழுந்து நிற்பதுபோல் இருக்கும் அந்த இயந்திரத்தின் கேபினில் உட்கார்ந்து மண்ணை வெட்டிக்கொண்டிருந்தால் போதும், உலகத்தில் வேறொன்றும் வேண்டாம். பெண்டாட்டியெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

வந்ததும் வராததுமாக, "ரத்தத்துல உப்பு கூடிப் போச்சாம். லேப்காரன் சொல்றான். எல்லாம் உன் கை உப்பு" என்றார்.

என் கை உப்பு. நான் கோவில்பட்டிக்காரி. எங்கள் பக்கம் குழம்பு கொஞ்சம் உறைப்பாக, புளிப்பாக, உப்பு தூக்கலாகத்தான் இருக்கும். இத்தனை வருஷம் தட்டை வழித்துத் தின்றபோது தெரியவில்லையா இந்த உப்பு? இவர் அம்மா இசக்கியம்மாள் கைக்கு முன்னால் என் கை ஒன்றுமே இல்லை. கருவாட்டின் மேலேயே உப்பு தூவுகிற பொம்பளை. அதையெல்லாம் சொல்ல வாய் வரை வந்தது. பிபி மாத்திரை சாப்பிடுகிற ஆள், கத்தினால் அதற்கும் நான்தான் காரணம் என்பார். பேசாமல் ஊறுகாய் ஜாடி, அப்பளக்கட்டு, மோர்மிளகாய் எல்லாவற்றையும் பரணில் ஏற்றினேன். ஏற்றும்போது அழுகையாக வந்தது. ஊறுகாய்க்காக ஒரு பெண் அழுவாளா?

டாக்டரைப் பார்க்கச் சொன்னானா என்று மட்டும் கேட்டேன். சொன்னானாம், பார்த்துக்கொள்ளலாமாம். சாயங்காலமே போய்ப் பார்த்தும்விட்டார், சக்கரபாணியை.

ஜூன் 17, செவ்வாய்

சக்கரபாணி வீடு தேடி வந்தார். கையில் ஒரு உப்புப் பாக்கெட். "தங்கச்சி, இது சோடியம் கம்மி பண்ண உப்பு. ஒரு வருசமா எங்க வூட்ல இதத்தான் போட்டுகினு இருக்கோம். மருதுக்கு இனிமே இதான்."

இவருக்கு உப்புதானே கூடியிருக்கிறது, அப்புறம் இன்னொரு உப்பு எதற்கு என்று கேட்டேன். கெட்ட உப்பை எடுத்துவிட்டு நல்ல உப்பு வைத்திருக்கிறார்களாம். கூடவே தினமும் இளநீர். வெறும் வயிற்றில் வாழைத்தண்டுச் சாறு, அது கிட்னியைக் கழுவி விடுமாம். ராத்திரிக்கு முருங்கைக்கீரை சூப்பு. வாழைத்தண்டை நாராக நாராக உரித்து அரைப்பது யார்? நான்தான். அவர் சொல்லிவிட்டு என் சோபாவில் உட்கார்ந்து கால் ஆட்டுகிறார்.

ஜூன் 22, ஞாயிறு

பக்கத்து வீட்டு செசிலியா சர்ச்சுக்குப் போய் வந்து, கிண்ணத்தில் வஞ்சிரக் குழம்பு கொடுத்துவிட்டாள். இவர் மூடியைத் திறந்து மோந்து பார்த்து, அப்படியே தள்ளி வைத்தார். "உப்பு அள்ளிப் போட்டிருக்கா, வாசத்துலேயே தெரியுது." வாசத்தில் உப்பு தெரிகிற மூக்கு இந்த உலகத்தில் இவருக்கு மட்டும்தான் இருக்கிறது.

நான் எடுத்துவைத்துச் சாப்பிட்டேன், இவர் கண்ணெதிரே, விரலைச் சூப்பிச் சூப்பி. அப்புறம் சண்டை. நான் இவர் சாக வேண்டும் என்று நினைக்கிறேனாம். உங்கள் வாத்தியார் வீட்டிலேயே போய்ச் சாப்பிடுங்கள் என்றேன்.

இப்போது வீட்டில் இரண்டு உப்பு டப்பா, இரண்டு குழம்பு. இவருடைய உப்பு வாயில் வைத்தால் சப்பென்று, முடிவில் லேசாகக் கசக்கிறது. ஒரு கரண்டி போதவில்லை. எரிச்சலில் இன்னொரு கரண்டி போட்டேன். தின்னட்டும்.

ஜூலை 3, வியாழன்

இளைத்துவிட்டார். பார்க்கிறவர்கள் எல்லாம் "ஆளே மாறிட்டீங்க" என்கிறார்கள். செக்டார் கடையில் இரண்டு பேர் என்னிடமே கேட்டார்கள், சார் என்ன சாப்பிடுகிறார் என்று. என் ரத்தம் என்று சொல்லலாமா என்று பார்த்தேன்.

எரிச்சல் என்னவென்றால், அந்த ஆள் சொன்னது வேலை செய்கிறது. பேன்ட் லூஸாகிவிட்டது. எதில் தோற்றாலும் பரவாயில்லை, சக்கரபாணியிடமா தோற்பது?

ஜூலை 12, சனி

வாசலில் இரண்டே படி. கைப்பிடியைப் பிடித்து ஏறினார்.

என்ன என்று கேட்டதற்குக் கால் கொஞ்சம் வலுவில்லாமல் இருக்கிறதாம். நேற்றுக் கேபினில் உட்கார்ந்திருக்கும்போது பாதம் மரத்துப்போய், பெடலில் கால் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லையாம். மழை வரும்போல் இருக்கிறது என்பதுபோலச் சொல்கிறார். அந்த மெஷினுக்குக் கீழே ஆட்கள் நடமாடுகிறார்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றேன். வாக்கிங் குரூப்பில் கேட்டுவிட்டாராம். உடம்பிலிருந்து நச்சு வெளியேறும்போது அப்படித்தான் இருக்கும் என்று சக்கரபாணி வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருக்கிறார். இளநீரை இரண்டாக்கச் சொன்னாராம். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த போனைத் தூக்கி வாழைத்தண்டோடு சேர்த்து மிக்ஸியில் போட்டிருப்பேன்.

"ஆகஸ்ட் செக்கப் முடியட்டும். அதுவரைக்கும் வாயத் தொறக்காத" என்றார். என்ன மனுஷன் இவர்? உயிரைவிட மெஷின் பெரிதா?

ஜூலை 16, புதன்

ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நேற்று ஃபர்ஸ்ட் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கியவர், இறங்கிய இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். நான் கேட்டிலிருந்து பார்க்கிறேன், செருப்பைச் சரிசெய்கிறார் என்று நினைத்தேன். எழவில்லை. இரண்டு காலும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. முகம் சாம்பல் பூத்திருந்தது. செசிலியாதான் காரை எடுத்தாள்.

பின்சீட்டில் என் மடியில் தலை. அந்த நிலையிலும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "லேப் விஷயத்தச் சொல்லாத. கால் மரத்ததையும் சொல்லாத" என்றார். சரி சரி என்றேன். வேறென்ன சொல்ல?

உள்ளே படுக்க வைத்து நெஞ்சில் ஒயரை ஒட்டியதும் ஆளாளுக்கு ஓடினார்கள். நாடி ரொம்பக் குறைவு. டாக்டர் சத்யா, சின்ன வயசுதான், என்னைத் தனியாகக் கூப்பிட்டார். பொட்டாசியம் எக்கச்சக்கமாக ஏறியிருக்கிறது, இதயம் எந்த நேரமும் நிற்கலாம், என்ன சாப்பிட்டார், எத்தனை நாளாக இப்படி, எதையும் மறைக்காமல் சொல்லுங்கள் என்றார்.

சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். லேப், வரகு, வாழைத்தண்டு, இளநீர், கீரை சூப்பு, மெஷினில் கால் மரத்தது. ரத்தத்தில் உப்பு கூடியதால் நல்ல உப்புக்கு மாற்றினோம் என்றும் சொன்னேன், நான் ஏதோ ஜாக்கிரதையாக இருந்தவள் மாதிரி.

டாக்டர் பேனாவை மூடிவிட்டார். "எந்த உப்பு?"

எனக்குப் புரியவில்லை. உப்புதான் டாக்டர், சமையல் உப்பு.

"அம்மா, லேப்ல சொன்ன உப்பு அது இல்ல. கிட்னி சரியா வடிகட்டலன்னா ரத்தத்துல கழிவு தேங்கும். கிரியாட்டினின்னு சொன்னா யாருக்கும் புரியலன்னு நாங்க எல்லாரும் அத உப்புன்னே சொல்லிப் பழகிட்டோம்."

அப்புறம் பொறுமையாகச் சொன்னார். அந்தப் பாக்கெட் உப்பில் சோடியத்தைக் குறைத்து, அந்த இடத்தில் பொட்டாசியத்தை வைத்திருப்பார்களாம். கிட்னி நன்றாக இருக்கிறவர்களுக்கு அதனால் நன்மைகூட உண்டு. கிட்னி கெட்டவருக்குப் பொட்டாசியம் வெளியே போகாது. இளநீர், வாழைத்தண்டு, கீரை எல்லாவற்றிலும் அதேதான் இருக்கிறது. இவர் சாப்பிடுகிற பிபி மாத்திரையும் கொஞ்சம் அதை ஏற்றுகிற வகையாம். எல்லாம் சேர்ந்துகொண்டது.

ரெண்டாவது கரண்டி போட்டது யாரு? நான்தானே. தின்னட்டும்னு சொல்லி, என் கையால.

ஊசி போட்டார்கள், டிரிப் ஏற்றினார்கள். காலையில் நாடி கொஞ்சம் மேலே வந்திருக்கிறது. கண்ணாடி வழியாகப் பார்த்தேன். தூங்குகிறார். எழுந்து என்னைத் திட்டினால்கூடப் போதும்.

ஜூலை 17, வியாழன்

சக்கரபாணி வார்டுக்கு வந்தார். வெறும் கையோடு வரக்கூடாது என்று இளநீர் வாங்கி வந்திருக்கிறார். இரண்டு. சீவி, ஸ்ட்ரா போட்டு.

வராந்தாவிலேயே மறித்தேன். இரண்டையும் வாங்கி, அவர் பார்க்க, குப்பைத் தொட்டியில் போட்டேன். நர்ஸ் திரும்பிப் பார்த்தாள். டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னேன். உப்பு என்றால் எந்த உப்பு என்றுகூடத் தெரியாமல் ஊருக்கு வைத்தியம் பார்க்கிறீர்களே என்றேன். கத்தவில்லை. கத்தியிருந்தால் ஆறியிருக்கும்.

"நல்லதுக்குத்தான் தங்கச்சி சொன்னேன். நானும் அதத்தான சாப்ட்டுகினு இருக்கேன், எனக்கு இன்னா ஆச்சு?"

"உங்களுக்கு என்ன ஆச்சுன்னு யாரு பாத்தா அண்ணே? ஒரு தடவையாவது ரத்தம் குடுத்திருக்கீங்களா?"

ரத்தம் கொடுத்ததில்லை. எடை மட்டும்தான் பார்ப்பாராம். இத்தனை பேருக்குப் புத்தி சொல்கிற ஆள் தராசை மட்டும் நம்பியிருக்கிறார். போய்விட்டார். அந்த முதுகின்மேல் எனக்கு ஒரு துளி இரக்கம் வரவில்லை, வரவழைக்கவும் நான் முயலவில்லை.

ஜூலை 24, வியாழன்

வீட்டுக்குக் கூட்டி வந்தாயிற்று. கிட்னி பாதிக்குமேல் போய்விட்டதாம். பல வருஷமாகப் பிபி தின்றிருக்கிறது, ஒரு மாதத்தில் வந்த வினை இல்லை. இருக்கிறதைக் காப்பாற்றிக்கொண்டால் டயாலிசிஸ் இல்லாமல் ரொம்ப நாள் ஓட்டலாம் என்றார் டாக்டர்.

காப்பாற்றுவது என்றால் சமையலறையில்தான். காய்களைப் பொடியாக நறுக்கி, வெந்நீரில் ஊறவைத்து, கொட்டி, மறுபடி நிறைய தண்ணீரில் வேகவைத்து, அதையும் கொட்ட வேண்டும். சத்து எல்லாம் சாக்கடையில் போகிறது, அதுதான் இவருக்கு நல்லது. சாதாரண உப்பு, அளவாக. சிறுதானியத்தைவிட வெள்ளை அரிசியே இவருக்கு ஏற்றது என்றார் டாக்டர். நான் ஜெயித்துவிட்டேன். குக்கரைத் திறந்து சோற்றைப் பார்த்தேன், ஒரு சந்தோஷமும் இல்லை.

இவர் என்னோடு பேசவில்லை. நான் எல்லாவற்றையும் சொன்னது ரெக்கார்டில் ஏறியிருக்கிறது. தண்ணீர் வேண்டுமென்றால் செவுத்தைப் பார்த்து "தண்ணி" என்கிறார்.

ஜூலை 27, ஞாயிறு

செவுத்திடம் கேட்டால் செவுரே கொண்டுவந்து கொடுக்கட்டும் என்று இருந்தேன். பத்து நிமிஷம். அப்புறம் கொடுத்துத் தொலைத்தேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

மெடிக்கல் போர்டு முடிந்தது. மெஷினிலிருந்து எடுத்துவிட்டார்கள். திங்கட்கிழமையிலிருந்து ஸ்டோர்ஸில் ஜெனரல் ஷிப்ட், நட்டும் போல்ட்டும் எடுத்துக் கொடுக்க வேண்டும்.

இவர் தம்பியிடம் போனில் பேசினார், எனக்குக் கேட்கட்டும் என்றே சத்தமாக. "மைன்ஸ்லேர்ந்து என்னைய மேல ஏத்தி விட்டுட்டா. அவ நெனச்சது நடந்துருச்சு."

நான் நினைத்தது. கேட்டுக்கொண்டே பீர்க்கங்காய் சீவினேன், விரலையும் சேர்த்துச் சீவிக்கொண்டேன். அன்றைக்கு நான் பொய் சொல்லியிருக்க வேண்டுமா? ரத்தத்தில் இருப்பதை அவர்களே பார்த்திருப்பார்கள். கால் மரத்ததை மட்டும் நான் விழுங்கியிருந்தால், இன்றைக்கு இவர் கேபினில் இருந்திருப்பார். கீழே யாராவது பெற்ற பிள்ளை நின்றிருக்கும். இல்லை, மறுபடி கேட்டாலும் சொல்லுவேன். நூறு தடவை கேட்டாலும். என்னை வெறுத்துக்கொண்டு உயிரோடு இருக்கட்டும்.

அப்படித் தைரியமாக எழுதிவிட்டேன். ஆனால் சலித்துப் போகுது. ஒரு வார்த்தை பேசினா என்ன கொறஞ்சா போயிருவாரு?

ஆகஸ்ட் 20, புதன்

சக்கரபாணியின் கூட்டம் இளைத்துவிட்டது. ஆட்கள் அல்ல, எண்ணிக்கை. காலையில் நான்கைந்து பேர்தான் போகிறார்கள். செசிலியா எல்லார் வீட்டிலும் சொல்லிவிட்டாளாம். இதுவரை என்னைக் கண்டு தலையாட்டாதவர்கள்கூட வழியில் நிறுத்தி, தங்கள் வீட்டுக்காரர் ரிப்போர்ட்டில் இருப்பது எந்த உப்பு என்று கேட்கிறார்கள். எனக்குத் தெரியாது, ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்கிறேன். கொஞ்சம் கடுமையாகத்தான் சொல்கிறேன். இனிமையாகச் சொன்னால் இந்த ஊரில் யார் கேட்கிறார்கள்?

இவர் ஸ்டோர்ஸுக்குப் போய் வருகிறார். ஐந்து மணிக்கு வந்து, பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொள்கிறார். போட்டதைச் சாப்பிடுகிறார். நன்றாக இருக்கிறது என்றோ இல்லை என்றோ ஒன்றும் கிடையாது.

செப்டம்பர் 6, சனி

காலையில் கேட் சத்தம். ஜன்னல் வழியாகப் பார்த்தேன், சக்கரபாணி. என்ன தைரியம் என்று கரண்டியோடு வெளியே வரப் பார்த்தேன். ஆனால் அவர் உள்ளே வராமல் கேட்டைப் பிடித்துக்கொண்டே நின்றார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது, கண்ணுக்குக் கீழே மட்டும் உப்பியிருந்தது. நடக்கிற செருப்பும் இல்லை, கைவீச்சும் இல்லை.

இவர்தான் போய்க் கேட்டைத் திறந்தார். சக்கரபாணி சட்டைப்பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்து நீட்டினார். "லேபுக்குப் போனேன் மருது. உப்பு கூடிகினு இருக்குதுன்றான். கால் ரெண்டும் என்னுதா இல்லியான்னே தெரியல."

இவர் காகிதத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். இந்த இரண்டு பேரும் சேர்ந்துதான் என் சமையலறையைத் தலைகீழாக்கினார்கள், இப்போது ஒரு துண்டுக் காகிதத்தை நடுவில் வைத்துக்கொண்டு முழித்தார்கள். எனக்குக் கேட்பதற்கு எவ்வளவோ இருந்தது. தராசு என்ன சொல்லுது அண்ணே என்று கேட்டிருக்கலாம். நாக்கு நுனியில்தான் இருந்தது.

இவர் திரும்பி, செவுத்தைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். "திலகா, இது எந்த உப்புன்னு பாரு."

கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழே ஒவ்வொரு வரியாகப் படித்து, கிரியாட்டினின் வரியில் நின்றேன். இரண்டு பேரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அந்த உப்புதான்" என்றேன். "வண்டிய எடுங்க."